கட்டில் ஒன்று, ஆளுடன்

மரக்காணம் உப்பளத்துக்கு நடுவில் நிற்கும் புருஷோத்தமன் மாளிகையை இனிமேல் இருந்தது இருந்தபடியே காப்பாற்றுவது என்று அரசாங்கம் ஆணை போட்ட அன்று, அந்த மாளிகையின் பின்கட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலில் மாயவன் படுத்திருந்தார். அதைத் தவிர அவர் வேறெந்தத் தப்பும் செய்யவில்லை.

மாளிகை நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தியது. உப்புக் குத்தகை எடுத்துச் செழித்த புருஷோத்தமன் கட்டியது. இரண்டு மாடி, பர்மா தேக்குத் தூண்கள், ஆளுயரக் கண்ணாடிகள், யாரும் உட்காராத நாற்காலிகள் நாற்பது. கடற்காற்று பட்டு மேல்மாடி உதிரத் தொடங்கியதும் வாரிசுகள் ஒவ்வொருவராகச் சென்னைக்கும் அதைத் தாண்டியும் போய்ச் சேர்ந்தார்கள். போகும்போது சாவிக்கொத்தை மாயவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் குடும்பத்து அளத்தில் முப்பது வருஷம் உப்பு வாரியவர் மாயவன். முழங்கால் இரண்டும் தேய்ந்து, இனி பாத்தியில் இறங்க முடியாது என்று ஆன பிறகு, பின்கட்டில் பழைய உப்புக் கிடங்கு அறையைக் கொடுத்து, இங்கேயே கிட என்றார்கள். அவரும் பெண்டாட்டி பாஞ்சாலையும் பதினோரு வருஷமாக அங்கே கிடந்தார்கள். மாயவன் மாளிகையைப் பெருக்கிப் பூட்டினார். பாஞ்சாலை அளத்துக்குப் போனாள்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலை பல் விளக்கப் போன மனிதர் கிணற்றடியில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, சித்திரை பத்தாம் தேதி மறுபடி கூட்டி வரச் சொல்லி அனுப்பினார்கள். "அன்னிக்கு அட்மிட் பண்ணி வைத்தியத்த ஆரம்பிச்சா எழுந்து நடப்பாரும்மா, பேச்சும் கொஞ்சம் வரும். நாள தள்ளிடாதீங்க. அதுவரைக்கும் ரெண்டு மணிக்கு ஒருவாட்டி திருப்பிப் போடணும். ஒரே பக்கம் படுத்தா முதுகு வெந்துடும்" என்றார் டாக்டர்.

திருப்பிப் போடுவதைப் பாஞ்சாலைக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பாத்தியில் உப்பு பூக்கும்போது பலகையால் கலைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அடியில் கட்டிப்போய், தரையோடு ஒட்டிக்கொண்டு, அப்புறம் கடப்பாறை போட்டாலும் வராது. ஒரு மனிதனையும் அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்போல என்று அவள் எடுத்துக்கொண்டாள். மாயவனுக்குக் கண் மட்டும் நன்றாக இருந்தது. ஒரு சிமிட்டு சிமிட்டினால் தண்ணீர். இரண்டு சிமிட்டினால் திருப்பிப் போடு. புருஷன் பெண்டாட்டிக்குள் அது போதுமானதாக இருந்தது.

பங்குனியில் மரபு மனைகள் பேணல் வாரியத்திலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். பாஞ்சாலை அப்போது அளத்தில் இருந்தாள். வெயில் ஏறி வீடு திரும்பியபோது மாயவனின் இடது கால் கட்டைவிரலில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஐயோ என்று ஓடிப்போய் மூக்கில் கை வைத்தாள். மூச்சு இருந்தது. மாயவன் இரண்டு சிமிட்டு சிமிட்டினார்.

அவரைத் திருப்பிப் போட்டுவிட்டு அட்டையை எடுத்து, ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எண் 317. கட்டில் ஒன்று, ஆளுடன். வகை: உருவம். பொருள்: மரம், கயிறு, தோல், எலும்பு, சிறிது உப்பு. காலம்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. நிலை: சுமார். அமைப்பு: இடப்புறமாக, சுவரைப் பார்த்து."

கூடத்தில் கிருபா என்கிற பெண் கையில் டேப்லெட்டோடு ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வாரியத்தின் ஒப்பந்த ஊழியை. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது.

"இன்னாம்மா இது, எங்க வீட்டுக்காரரு கால்ல சீட்டு கட்டி வச்சிருக்க?"

"நம்பர்மா. உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் போடணும். எலிப்பொறிக்குக்கூட போட்டிருக்கேன்."

"அவரு மனுசன்மா!"

"தெரியும்மா. என்னைப் பாத்து கண்ணைக்கூட சிமிட்டினாரு, பாவம். ஆனா ஆப்ல மனுசன்னு ஆப்ஷனே இல்ல. மரம், உலோகம், துணி, உருவம், இதர, அவ்ளோதான். இதரன்னு போட்டா சேவ் ஆவமாட்டேங்குது. அதான் உருவம்னு போட்டேன்."

"அப்போ அழிச்சுடு தாயி."

"சேவ் பண்ணதை என்னால அழிக்க முடியாதும்மா. சென்னையிலதான் முடியும். அவங்களும் அழிக்கமாட்டாங்க. பொருள் காணோம்னு ஆயிடும்ல?"

சொல்லிவிட்டு அவள் அடுத்த ஜன்னலுக்குப் போனாள். அவளை நொந்து என்ன பயன்? அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கு இன்னும் ஆயிரத்து இருநூறு பொருள் பாக்கி இருந்தது.

காப்பாட்சியராகப் பஞ்சநாதன் வந்து சேர்ந்தார். பஞ்சநாதன் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் பாஞ்சாலை நாலு பேரைக் கூட்டிவந்து சண்டை போட்டிருப்பாள். மாயவன் படுத்திருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தார். கைகட்டி நின்று பார்த்தார். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"எவ்ளோ அபூர்வம் தெரியுமாம்மா இது? தமிழ்நாட்டுல எந்த அருங்காட்சியகத்துலயும் இப்படி ஒண்ணு கெடையாது. எல்லாரும் பொம்மை செஞ்சு வைக்கிறாங்க. நமக்கு ஒரிஜினலே கெடைச்சிருக்கு!"

"ஐயா, சித்திரை பத்தாம் தேதி இவரை ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும்யா."

"மனு எழுதிக் குடுங்க. கண்டிப்பா பரிசீலனை பண்ணுவோம்."

முதல் மனு அன்றைக்கே எழுதிக் கொடுக்கப்பட்டது. பஞ்சநாதன் அதற்கு ஒரு நம்பர் போட்டு, ரசீது கொடுத்து, அவளைத் 'தற்காலிகப் பராமரிப்பாளர், எண் 317' என்று நியமித்தும்விட்டார். அதாவது அவள் புருஷனைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு அனுமதி கிடைத்தது.

அப்புறம் விதிகள் வந்தன. முதல் விதி, உப்பு உள்ளே வரக் கூடாது. உப்புக் காற்றுதான் மரச்சாமானை அரிக்கிறது, உப்புதான் இந்த மாளிகைக்கு எமன் என்று வாரியத்தின் நிபுணர் அறிக்கை எழுதியிருந்தார். கூடத்தில் 'மரக்காணமும் உப்பும்' என்று பெரிய பலகை மாட்டி, அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் உப்பு அம்பாரம் ஒன்று வைத்தார்கள். தெர்மோகோலை உதிர்த்துச் செய்தது. பாஞ்சாலை அளத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் கேட்டில் காவலாளி கலையரசன் குழாயைத் திறந்துவிட்டு அவள் கால் இரண்டையும் கழுவச் சொல்லுவான். அவன் அப்பனும் அளத்தில் வாரியவன்தான். "கோச்சுக்காதக்கா, கேமரா பாக்குது" என்பான்.

அடுத்த விதி, பொருள் பதிவான அமைப்பிலேயே இருக்க வேண்டும். பதிவான அமைப்பு இடப்புறம், சுவரைப் பார்த்து. படம் எடுத்து அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். பத்து மணிக்குப் பஞ்சநாதன் படத்தோடு வந்து ஒத்துப் பார்ப்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி வந்து ஒத்துப் பார்ப்பார். நடுவில் திருப்பினால் பராமரிப்பாளர் மீது நடவடிக்கை. பாஞ்சாலை விடியுமுன் திருப்பிப் போட்டு, அளத்துக்கு ஓடி, ஒன்பதரைக்குத் திரும்பி வந்து, மறுபடி சுவரைப் பார்க்க வைத்தாள். பகல் முழுக்க மாயவன் இரண்டு இரண்டாகச் சிமிட்டிக்கொண்டிருப்பார். அவள் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பித்தளைக் கம்பமும் சிவப்புக் கயிறும் போட்டுவிட்டார்கள், பார்வை நேரத்தில் யாரும் தாண்டக் கூடாது.

தின்பண்டம் உள்ளே வரக் கூடாது, எறும்பு வரும் என்று இன்னொரு விதி. கஞ்சியைத் துணியில் நனைத்து, முந்தானையில் மறைத்து எடுத்துப் போய் அவர் வாயில் பிழிந்தாள். காற்றில் ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின் வைத்தார்கள். அது நாற்பது நாற்காலிகளையும் நன்றாக உலர வைத்தது, மாயவனின் உதட்டையும்தான்.

சித்திரை பத்து வந்தது. மனுவுக்குப் பதில் வரவில்லை. போங்கடா நீங்களும் உங்கள் மனுவும் என்று பாஞ்சாலை தன் அக்கா மகன் பரத்தின் ஆட்டோவை வரச் சொன்னாள். காலை ஏழு மணிக்கு, அளத்து ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்து, கட்டிலோடு மாயவனைத் தூக்கிக் கேட்டு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று மாசத்தில் முதல்முறையாக வெயில் முகத்தில் பட்டதும் மாயவன் கண்ணை மூடித் திறந்தார். ஒரு சிமிட்டு. அவள் சொம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தாள்.

கலையரசன் குறுக்கே வந்து நின்றான். "கேட் பாஸ் இருக்குதாக்கா?"

"ஏம்பா, ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு இன்னாத்துக்கு பாஸ்?" என்று பரத் எகிறினான்.

"பழம்பொருள் வெளிய போனா என் மேல கேஸு. ஒன் மேலயும்தான். ஆறு மாசம் உள்ள வச்சுடுவான்."

"சரிப்பா, கட்டில நீயே வச்சுக்க. ஆள மட்டும் குடு" என்றாள் பாஞ்சாலை.

கலையரசன் உள்ளே போய்ப் பட்டியலை எடுத்துவந்து நிஜமாகவே தேடினான். விரலை வைத்து இரண்டு தரம் படித்தான்.

"கட்டிலு தனியா இல்லக்கா. ஆளு தனியா இல்ல. 'கட்டில் ஒன்று, ஆளுடன்'னு ரெண்டுக்கும் சேத்து ஒரே நம்பர் போட்டிருக்காங்க. பிரிச்சா சேதாரக் கணக்குல வந்துடும்."

பஞ்சநாதன் ஓட்டமும் நடையுமாக வந்தார். கோபப்படவில்லை. "அவசரப்படாதீங்கம்மா. வெளிய கொண்டுபோக ஒரே வழி, இன்னொரு நிறுவனத்துக்கு இரவலா குடுக்கிறது. அதுக்கு வானூர் வட்டார ஆபீஸ்ல படிவம் இருக்கு. நானே சிபாரிசு எழுதறேன்" என்றார். எழுதியும் கொடுத்தார். கட்டில் திரும்பிப் பின்கட்டுக்குப் போனது. அசைத்ததற்காகப் பாஞ்சாலைக்கு ஒரு விளக்கம் கோரும் கடிதமும் வந்தது.

கிளியனூரில் இறங்கிப் பஸ் மாறி வானூர் போனாள். அங்கே இருந்தவர் படிவத்தைக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அதைப் படித்த டாக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா இது? 'இரவல் பெறும் நிறுவனம் பொருளை வெறுங்கையால் தொடக் கூடாது. ஊசி, ஆணி முதலியவற்றைக் குத்தக் கூடாது. நீர், மருந்து, ரசாயனம் எதையும் செலுத்தக் கூடாது. பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும்.' இதுல நான் கையெழுத்து போட்டா, வைத்தியம் எப்பிடி பாக்கறது?"

"பாக்காம வேணா வச்சுக்கங்கய்யா. இங்க இருந்தாலாவது திருப்பிப் போடுவாங்கல்ல" என்றாள் பாஞ்சாலை.

டாக்டர் அதில் கையெழுத்துப் போட முடியாது என்றார். சரியான மனிதர். ஆளைக் கொண்டுவாங்க, இந்த நிமிஷமே சேர்த்துக்கறேன் என்றும் சொன்னார். ஆளைக் கொண்டுவருவதற்குத்தான் அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது.

இரண்டு, மூன்று, நாலு என்று மனுக்கள் ஏறிக்கொண்டே போயின. வைகாசியில் ஏழாவது மனுவோடு அலுவலக வாசலில் அவள் நின்றபோது ஒரு கூத்து நடந்தது. சாப்பாட்டுக் கூடத்து மேஜை ஒன்றின் காலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். பஞ்சநாதன் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு! விதி ஒம்பது! தூக்குங்க, தூக்குங்க!" என்று கத்தினார். கையுறை மாட்டிய நாலு பேர் மேஜையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பின்பக்கச் சின்ன கேட்டைத் திறந்து, மதிலுக்கு அப்பால் குழியில் போட்டுவிட்டு வந்தார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்காது. நல்ல கருங்காலி மேஜை. அடடா, அதை எனக்குக் கொடுத்திருந்தால் இவரைத் தொய்யாமல் படுக்க வைத்திருக்கலாமே என்று மட்டும் பாஞ்சாலைக்குத் தோன்றியது. பஞ்சநாதன் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, கையைக் கழுவிக்கொண்டு, ஏழாவது மனுவுக்கு ரசீது கொடுத்தார்.

மாயவனின் இடுப்பில் ரூபாய்க் காசளவில் கறுத்த இடம் உள்ளங்கை அளவாகிவிட்டது. பார்வையாளர்கள் வந்தார்கள், போனார்கள். "செமயா செஞ்சிருக்கான்ல, தோலைப் பாரேன்" என்று காலேஜ் பிள்ளைகள் செல்ஃபி எடுத்தார்கள். ஒரு அம்மாள் கருத்துப் புத்தகத்தில், பின்கட்டில் உள்ள உருவத்தின் கண் அமைப்பு அடிக்கடி தாறுமாறாக வேலை செய்கிறது, பழுது பார்க்கவும் என்று எழுதிவிட்டுப் போனார். பஞ்சநாதன் அதையும் சென்னைக்கு அனுப்பினார். மூன்று விலைப்புள்ளிகள் பெறுமாறு பதில் வந்தது. பாஞ்சாலையின் மனுவுக்கு வராத பதில் அதற்குப் பத்தே நாளில் வந்தது, கவனிக்கவும்.

ஆனி மாதம் முறைப்படியான திறப்பு விழா. சென்னையிலிருந்து வாரியத்தின் இயக்குநர் சிவஞானம் வந்தார். அதற்குள் பின்கட்டு அறையில் புண் நாற்றம் எடுக்க ஆரம்பித்திருந்தது. சந்தன வாசனை பீய்ச்சும் மெஷின் இரண்டு வாங்கி மூலைக்கொன்றாக வைத்தார்கள். மாயவனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. இயக்குநர் சிவப்புக் கயிற்றின் முன்னால் நின்று, மைக்கைப் பிடித்துப் பேசினார்.

"நண்பர்களே! வெளியே பாருங்கள். ஆயிரக்கணக்கான உப்பளத் தொழிலாளிகள் வெயிலில் வெந்து, கால் வெடித்து, யாருக்கும் தெரியாமல் வீணாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரையும் காப்பாற்ற நம்மிடம் இடம் இல்லை. ஆனால் ஒருவரையாவது காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியும். இவருக்கு இனி வெயில் இல்லை, வேலை இல்லை, பசி இல்லை. நாற்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இல்லை. உயிரைக் கொடுத்தாவது இவரைக் காப்போம். உயிரே போனாலும் இவரைப் போகவிட மாட்டோம்!"

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. பாஞ்சாலைக்குப் பொறுக்கவில்லை. கும்பலைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"சாமி, காய்ச்சல் கொதிக்குது சாமி! தொட்டுப் பாருங்க! கையெடுத்துக் கும்புடறேன், இன்னிக்கே வுட்டுடுங்க!"

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். அவள் தோளில் கை வைத்து, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவர்தான் பராமரிப்பாளர். பாருங்கள், ஒரு கலைப்பொருளுக்காக இந்தப் பெண்மணி வடிக்கும் கண்ணீரை! இந்த ஈடுபாட்டை எந்தப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தர முடியும்?"

அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவள் அந்தச் சால்வையை அன்று ராவே கிழித்து, புண்ணுக்குக் கட்டுத் துணியாக்கினாள்.

விழா முடிந்த எட்டாம் நாள், அளத்திலிருந்து ஒன்பதரைக்குத் திரும்பிய பாஞ்சாலை, கால் கழுவிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மாயவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முகத்துக்கு நேரே குனிந்து நின்றாள். ஒரு சிமிட்டும் இல்லை, இரண்டு சிமிட்டும் இல்லை. கண் திறந்திருந்தது. அவள் அங்கேயே கீழே உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். பார்வை நேரம் ஆரம்பித்துவிட்டதால் கூடத்தில் இருந்த குடும்பம் ஒன்று, ஒலி ஒளிக் காட்சி என்று நினைத்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பஞ்சநாதன் படத்தோடு வந்தார். ஒத்துப் பார்த்தார். கையின் கோணம், காலின் கோணம், தலை எல்லாம் அச்சாக இருந்தது.

"செத்துட்டாருய்யா" என்றாள் பாஞ்சாலை.

பஞ்சநாதன் கட்டிலைச் சுற்றி வந்தார். முகம் வாடியது. நிஜமாகவே வாடியது, அதில் பொய் இல்லை. பிறகு படிவத்தை எடுத்தார்.

"வருத்தமாதாம்மா இருக்கு. ஆனா பேணல் கோணத்துல பாத்தா ஒரு நல்ல சேதி. இதுவரைக்கும் உடம்பு சூடு ஏறுது, எறங்குது, கண்ணு ஆடுதுன்னு 'நிலையற்றது'ன்னுதான் எழுதிட்டு வந்தோம். இனிமே 'நிலையானது'ன்னு போடலாம்."

"எடுத்துனு போய் பொதைக்கணும்யா. வுடுங்க."

"எப்பிடிம்மா விடமுடியும்? சேதமான பொருளைத்தான் கழிக்க முடியும். இதுல சேதம்னு எதைக் காட்டுறது? முன்னைவிட நல்லாத்தானே இருக்கு? ரசாயனம் பூசுறவங்களைச் சென்னையிலேந்து வரச் சொல்லியிருக்கேன். நாளைக்குள்ள வந்துடுவாங்க."

பாஞ்சாலை எழுந்தாள். வெளியே போனாள்.

அவர்கள் வழக்கத்தில், செத்தவரைக் குழியில் இறக்கினதும் மேலே உப்புப் போடுவார்கள். அளத்தில் உழைத்த ஆள் என்றால், அவர் வாரிய பாத்தியிலிருந்தே எடுத்து வருவார்கள். அது செய்யாமல் அனுப்பினால் பாவம் கட்டினவளைச் சேரும். குழிதான் கொடுக்கமாட்டேன் என்கிறீர்கள், உப்பையாவது போட்டுவிடுகிறேன் என்று இருந்தது அவளுக்கு. மாயவன் முப்பது வருஷம் வாரிய பாத்தியில் இறங்கி, கூடை நிறைய அள்ளி, தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டில் கலையரசன் கூடையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கேமராவைப் பார்த்தான். பிறகு குழாய்ப் பக்கம் திரும்பி, நின்றுபோன தண்ணீரை நிறுத்துவதுபோல் அதைத் திருகிக்கொண்டே இருந்தான்.

பாஞ்சாலை சிவப்புக் கயிற்றைத் தாண்டினாள். முதலில் அவரைச் சுவர்ப்பக்கமிருந்து திருப்பி மல்லாத்திப் போட்டாள். அப்புறம் கூடையைச் சாய்த்தாள். காலில், வயிற்றில், நெஞ்சில் என்று அள்ளி அள்ளிப் போட்டாள்.

"போய் வாய்யா. இந்த ஊட்ல நீ பட்டது போதும்" என்றாள்.

வாசலில் வந்து நின்ற பஞ்சநாதன் வீலென்று கத்தினார். "உப்பு! ஐயையோ, உப்பு! விதி ஒம்பது! எல்லாரும் வாங்க!"

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கையுறை மாட்டிய நாலு பேர் ஓடிவந்தார்கள். ஐந்தாவது ஆளாகப் பஞ்சநாதனே ஒரு காலைப் பிடித்தார். கேட் பாஸ் கேட்பார் இல்லை. படிவம் இல்லை, படம் இல்லை, சிபாரிசு இல்லை. கட்டிலும் ஆளும் உப்புமாகப் பின்பக்கக் கேட்டு வழியே பறந்து, மதிலுக்கு அப்பால், வைகாசியில் மேஜை விழுந்த குழிக்குப் பக்கத்தில் இறங்கியது. ஒன்பது மனுவுக்கு அசையாத கட்டில் இருபது நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. பரத்தும் அளத்து ஆட்களும் அங்கிருந்தே தோள் கொடுத்தார்கள்.

கருமாதி முடிந்து அவள் வேலைக்குப் போனாள். பாத்தியில் குனிந்து முதல் பிடி உப்பை அள்ளியவள், அள்ளிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துப் பாத்திக்காரி கூப்பிட்டது காதில் விழவில்லை. அவளுக்கு அப்போதுதான் மேஜை ஞாபகம் வந்தது.

இறப்புச் சான்றிதழுக்கு, ஆள் எங்கே செத்தான், எப்படிச் செத்தான் என்று அந்த இடத்திலிருந்து ஒரு காகிதம் வேண்டும் என்று கிராம அலுவலகத்தில் கேட்டார்கள். அதற்காகப் பாஞ்சாலை மறுபடி மாளிகைக்குப் போனாள். பின்கட்டில் புதுக் கயிற்றுக் கட்டில் போட்டு, ஃபைபரில் செய்த ஆள் ஒருவனைப் படுக்க வைத்திருந்தார்கள். இடப்புறமாக, சுவரைப் பார்த்து. அதன் கண் சிமிட்டும் என்று பலகையில் எழுதியிருந்தது.

பஞ்சநாதன் அவளை உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்துக் கொடுத்து, கேட்ட காகிதத்தை அங்கேயே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எண் 317. நீண்ட நாள் உப்பினால் பாதிக்கப்பட்டு, மீட்க முடியாத நிலையில், விதி 9இன்படி வெளியேற்றப்பட்டது." முப்பது வருஷ உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. வாரியம் மாயவனைப் பற்றி எழுதியதில் உண்மையானது அது ஒன்றுதான்.

காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தவள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். சித்திரையிலயே, ஆட்டோ வந்து நின்னுச்சே, அன்னிக்கு. அன்னிக்கு அவரு மேல ஒரு புடி உப்பு போட்டிருந்தா வுட்டிருப்பீங்களா?"

பஞ்சநாதன் விதிப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒன்பதாம் விதியை மனதுக்குள் ஒருதரம் படித்துப் பார்த்தார். தெரியாத ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவர் எப்போதும் கவனமாக இருப்பவர்.

"தாராளமா போயிருக்கலாமே. ஒரு புடிகூட வேணாம், ஒரு சிட்டிகை போதும். அதுக்கு என் கையெழுத்துகூட தேவையில்லம்மா" என்றார். பிறகு, ரொம்பவும் அக்கறையாக, உள்ளபடியே வருத்தப்பட்டுக் கேட்டார்: "நீங்க ஏன் இத்தினி நாளா கேக்கவே இல்ல?"